ஆய்வு மேசையிலிருந்து கதை இலாகாவுக்கு: நாயகனின் பயணம் என்ற வாய்பாட்டின் வரலாறு

பிறந்ததும் கைவிடப்படும் குழந்தையை எளியவர்களோ விலங்குகளோ எடுத்து வளர்ப்பார்கள். வளர்ந்தபின் அதுவே நாட்டுக்குத் தலைவனாகும். பல நாட்டுப் பழங்கதைகளில் இந்த வரிசை திரும்பத் திரும்ப வருவதை இங்கிலாந்து மானிடவியலர் எட்வர்ட் டைலர் 1871-இல் வெளியான தம் நூலில் சுட்டிக்காட்டினார். அவருக்கு அது போகிறபோக்கில் சொன்ன ஒரு குறிப்புதான். அதை அட்டவணையாக்கியவர் ஆஸ்திரிய அரசின் வணிகத் தூதராக இருந்த யோஹான் கியார்க் ஃபான் ஹான். அவர் இறந்தபின் 1876-இல் அச்சான நூலில் பதினான்கு கதைகள் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒப்பிடப்பட்டிருந்தன. நாயகன் வெளியேற்றப்படுவது ஒரு முனை, திரும்பி வருவது மறுமுனை. அவர் இதை ஆரியரின் வாய்பாடு என்றே அழைத்தார். மொழிக் குடும்பத்தையும் இனத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட அக்கால ஐரோப்பியப் பழக்கம் அது. அக்காட் அரசன் சார்கோனும் மோசேயும் ஆற்றில் விடப்பட்ட கூடைக் குழந்தைகள். இருவருமே ஆரியக் கதை மாந்தர் அல்லர்.

1909-இல் வியன்னாவில் ஃபிராய்டின் இளம் சீடர் ஓட்டோ ராங்க் இதையே உளவியலுக்குக் கொண்டுபோனார். நாயகனின் பிறப்பு பற்றிய அவருடைய சிறு நூலில் சார்கோன், மோசே, ஈடிபஸ், சைரஸ், ரோமுலஸ் ஆகியோருடன் கர்ணனும் இடம்பெறுகிறான். தன் பெற்றோர் உண்மையில் வேறு யாரோ பெரிய இடத்தார் என்று குழந்தைகள் காணும் பகற்கனவே இந்தக் கதைகளாக விரிகிறது என்பது ராங்கின் விளக்கம். கர்ணன் அந்தப் பட்டியலில் அரைகுறையாகத்தான் பொருந்துகிறான். பெட்டி, ஆறு, தேரோட்டி அதிரதன் வீடு வரை எல்லாம் சரி. பிறப்பின் உண்மை தெரிந்தபின் பட்டியலின் நாயகன் தன் இடத்தைக் கேட்டுப் பெற வேண்டும். கர்ணனோ தெரிந்தும் துரியோதனன் பக்கமே நின்று சாகிறான். கர்ண மோட்சம் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் அழுவது வாய்பாடு முடிந்துபோன இந்த இடத்துக்காகத்தான்.

1928-இல் லெனின்கிராடில் விளாதிமிர் பிராப் வேறு வழியில் போனார். அஃபனாசியெவ் தொகுப்பிலிருந்து நூறு ரஷ்ய மாயக்கதைகளை எடுத்துக்கொண்டு, பாத்திரங்கள் யார் என்பதை விட்டு அவர்கள் செய்யும் செயல்களை மட்டும் வரிசைப்படுத்தினார். 31 செயல்கள், ஏழு வகைப் பாத்திரங்கள் என்று கணக்கு வந்தது. எல்லாக் கதையிலும் எல்லாச் செயலும் வராது, ஆனால் வருபவை இந்த வரிசையில்தான் வரும் என்றார். இந்தத் துறையில் எழுதியவர்களில் மிக அடக்கமானவர் பிராப்தான். ரஷ்ய மாயக்கதைக்கு வெளியே தம் முடிவை அவர் நீட்டவில்லை. 1936-இல் 22 அம்சப் பட்டியல் போட்டு நாயகர்களுக்கு மதிப்பெண் வழங்கிய ராக்லன் பிரபுவுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. அதிக மதிப்பெண் பெற்றவர்கள் வரலாற்று மனிதர்களே அல்லர், சடங்குகளிலிருந்து பிறந்தவர்கள் என்றார். 1965-இல் அமெரிக்க அறிஞர் ஃபிரான்சிஸ் அட்லி அதே பட்டியலில் ஆபிரகாம் லிங்கனுக்கு முழு மதிப்பெண் போட்டுக்காட்டி அந்த வாதத்தைச் சிரிப்புக்கிடமாக்கினார்.

இந்த நூல்கள் பெரும்பாலும் அறிஞர்களுக்குள் சுற்றி வந்தவை. வெளியுலகத்துக்கு வழி திறந்தவர் ஜோசப் கேம்பெல். 1904-இல் நியூயார்க்கில் பிறந்து சாரா லாரன்ஸ் கல்லூரியில் நீண்டகாலம் ஆசிரியராக இருந்தவர். ஜெர்மானிய இந்தியவியலர் ஹைன்ரிக் சிம்மர் 1943-இல் இறந்தபோது, முடிக்காமல் விட்டுப்போன கையெழுத்துப் படிகளைப் பதிப்பித்தவர் இவரே. இராமகிருஷ்ணரின் உரையாடல்களை ஆங்கிலமாக்கிய சுவாமி நிகிலானந்தருக்கும் உதவினார். அவருடைய நூல் 'ஆயிரம் முகமுடைய நாயகன்' 1949-இல் வந்தபோது அதில் இந்தியக் கதைகள் நிறைந்திருந்தது இதனால்தான். புறப்பாடு, சோதனை, திரும்புதல் என மூன்று பகுதிகள். அவற்றுக்குள் 17 கட்டங்கள். உலகக் கதைகள் அனைத்தும் ஒரே கதையின் வேடங்கள் என்ற கருத்தைக் குறிக்கும் சொல்லை ஜேம்ஸ் ஜாய்ஸின் கடைசி நாவலிலிருந்து எடுத்துக்கொண்டார்.

மூன்று பகுதி அமைப்பு கேம்பெலின் கண்டுபிடிப்பு அல்ல. ராங்க் எழுதிய அதே 1909-இல் அர்னால்ட் ஃபான் கெனெப் வாழ்க்கைச் சடங்குகள் எல்லாம் பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என்று நடப்பதாகக் காட்டியிருந்தார். அன்றாட வாழ்வில் இதைக் காண சபரிமலைப் பயணம் போதும். குருசாமி கையால் மாலை போட்டதும் ஆள் வீட்டிலிருந்தே விலகிவிடுகிறார். பெயர் போய் 'சாமி' ஆகிறார். விரதம், இருமுடி, காட்டுவழி, பதினெட்டாம்படி எல்லாம் தாண்டி ஊர் திரும்பி மாலையைக் கழற்றினால் பழைய பெயர் வந்துவிடும். அந்த மலையின் கதையும் பம்பைக் கரையில் பந்தள அரசன் கண்டெடுத்த குழந்தையின் கதையே. புலிப்பால் கேட்டுக் காட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை புலியோடு திரும்புகிறான். சடங்கும் கதையும் இப்படி ஒன்றை ஒன்று தாங்கி நிற்பதைத்தான் கேம்பெல் எங்கும் தேடினார்.

தேடியதில் கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டார் என்பது அவர்மீதுள்ள பழைய குற்றச்சாட்டு. ஆலன் டண்டஸ் போன்ற நாட்டார் வழக்காற்றியலர் இதில் கடுமையாக இருந்தார்கள். முசுகுந்தன் கதை நல்ல சான்று. திரும்ப மறுக்கும் நாயகனுக்கு எடுத்துக்காட்டாகக் கேம்பெல் அவனைக் காட்டுகிறார்: தேவர்களுக்காகப் போரிட்டு, வரமாகத் தூக்கம் பெற்று, குகையில் யுகக்கணக்கில் உறங்கி, காலயவனன் எழுப்ப விழித்துப் பார்வையால் அவனை எரித்து, கண்ணனைக் கண்டபின் உலகை விட்டுத் தவத்துக்குப் போகிறான். புராணத்தில் அப்படித்தான் இருக்கிறது. திருவாரூரில் கேட்டால் கதை வேறு. அங்கே குரங்கு முகம் கொண்ட சோழன் முசுகுந்தன் இந்திரனுக்கு உதவிவிட்டு, கூலியாகத் தியாகராசரைக் கேட்கிறான். இந்திரன் அதே போன்ற ஆறு திருவுருவங்களைச் செய்வித்து ஏமாற்றப் பார்க்கிறான். முசுகுந்தன் அசலை அடையாளம் காண்கிறான். முடிவில் ஏழையும் பெற்றுவந்து திருவாரூர், திருநள்ளாறு, நாகப்பட்டினம் உள்ளிட்ட ஏழு தலங்களில் நிறுவுகிறான். அதே முசுகுந்தன், ஒரு கதையில் திரும்ப மறுப்பவன், மறுகதையில் வரத்தோடு ஊர் திரும்புபவன். எந்தக் கட்டத்துக்குச் சான்று வேண்டுமோ அதற்கேற்ற கதையை எடுக்க முடிகிறது என்றால், பொதுக்கதையை நிரூபிப்பது கடினமே இல்லை.

கேம்பெலின் புகழ் சினிமாவால் பெருகியது. ஜார்ஜ் லூகாஸ் 'ஸ்டார் வார்ஸ்' திரைக்கதையைத் திருத்தித் திருத்தி எழுதிய ஆண்டுகளில் அவருடைய நூலைப் படித்தார். படம் 1977-இல் வெளிவந்தது. பில் மாயர்ஸ் கேம்பெலோடு நடத்திய உரையாடல்கள், கேம்பெல் இறந்த மறு ஆண்டு, 1988-இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. பெரும்பகுதி பதிவானது லூகாஸின் பண்ணையில்தான்.

தொழிலை மாற்றியது ஏழு பக்கத் தாள். டிஸ்னியில் கதைகளைப் படித்து மதிப்பிடும் வேலையிலிருந்த கிறிஸ்டோபர் வோக்லர் 1985-இல் கேம்பெலின் நூலுக்கு ஒரு செயல்முறைச் சுருக்கம் எழுதினார். கதை இலாகாக்களில் அது கைமாறிப் பரவியது. 1992-இல் நூலாக விரிந்தது. 17 கட்டங்கள் 12 ஆயின. தெய்வத்தோடு தொடர்புள்ள கட்டங்கள் உருமாறின. திரும்புதலுக்குக் கேம்பெல் கொடுத்த ஆறு கட்டங்கள் மூன்றாகச் சுருங்கின. திரும்ப மறுப்பது தனிக் கட்டமாக இல்லாமல் போனது. முசுகுந்தனுக்கு அங்கே இடமில்லை. அறிஞர்கள் பழைய கதைகளில் எதைக் கண்டோம் என்று எழுதிவைத்த பட்டியல், எழுதப்போகும் கதையில் என்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலாகிவிட்டது. இந்தக் கணக்கில் எழுதிய படங்கள் பிறகு கணக்கு சரி என்பதற்கே சான்றாகக் காட்டப்பட்டன.

பெண்ணுக்கு இந்தப் பயணத்தில் தாயாகவும் மோகினியாகவும் பரிசாகவும்தான் இடம். இதைக் கேம்பெலிடமே கேட்டுப் பார்த்து, கிடைத்த பதிலில் நிறைவடையாத மோரீன் மர்டாக் 1990-இல் நாயகியின் பயணத்தை வேறு வட்டமாக வரைந்தார். இன்னொரு எதிர்ப்பு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. வீரம் பேசியே தங்கள் இளைஞர்களைப் பிரிட்டன் தன் போர்களுக்கு இழுத்துக்கொண்டது என்ற நினைவு அந்நாட்டில் உண்டு. நாயகன் என்ற சொல்லே அங்கு சந்தேகத்தைக் கிளப்பும். இந்த விமர்சனங்களை வோக்லர் தம் நூலின் 1998 பதிப்பு முன்னுரையில் எடுத்துப் பேசினார். 12 கட்டங்களை மாற்றவில்லை.