வழுக்குப் பாசியின் சாட்சி

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த எங்களுக்கு ஓடைக்கு இரண்டு முகம் உண்டு. மழை பெய்தால் நாலு நாள் கரிசல் கலங்கி ஓடும். மீதி நாளெல்லாம் ஊர்ச் சாக்கடைதான். சில காலைகளில் அதில் சாயத்தின் நீலமும் கலந்திருக்கும்.

அப்பத்தா தண்ணீரைக் கண்ணாலேயே சோதிப்பாள். "ஊருணிக் கல்லு பழுப்பா வழுக்குனா பயப்படாத. மேல பச்சையா ஆடை கட்டிக் கெடந்தா மட்டும் காலை வைக்காத." அந்தப் பழுப்பு வழுக்கலைக் கல்லூரி மைக்ரோஸ்கோப்பில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அத்தனையும் டயட்டம். மூடி போட்ட கண்ணாடிச் சிமிழ் மாதிரி, சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசிகள்.

அப்பத்தா செய்ததைத்தான் விஞ்ஞானம் பட்டியல் போட்டுச் செய்தது. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்ஸன் இருவரும் 1908இல் தாவரங்களையும் 1909இல் விலங்குகளையும், அவை எவ்வளவு அழுக்கைத் தாங்கும் என்று வரிசைப்படுத்தினார்கள். 1948இல் அமெரிக்காவில் ரூத் பேட்ரிக், கோனஸ்டோகா ஆற்றுப் படுகையை ஆராய்ந்து, ஒரே ஓர் இனத்தை நம்பக் கூடாது, மொத்தக் கூட்டத்தையும் பார்க்க வேண்டும் என்று காட்டினார். 1969இல் பாமர், அழுக்கைத் தாங்கும் 20 பாசிப் பேரினங்களுக்கு மதிப்பெண் கொடுத்தார். யூக்ளினாவுக்கு 5, நிட்சியாவுக்கு 3. கூட்டுத்தொகை 20ஐத் தொட்டால் கரிமக் கழிவு மிகுதி என்று பொருள்.

பாட்டிலில் பிடித்த தண்ணீர், பிடித்த நேரத்தின் கதையை மட்டுமே சொல்லும். ராத்திரி திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் கடந்து போயிருக்கும். கல்லில் ஒட்டிய பாசிக்கு ஓடிப்போக வழியில்லை. சில வாரங்களாக வந்துபோன தண்ணீரையெல்லாம் அது அனுபவித்திருக்கும். தாங்காதவை செத்துப்போகும், தாங்கியவை பெருகும்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைத்திருந்தேன். 1951ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக ஆய்விதழில் எம்.ஓ.பி. அய்யங்காரும் ஜி. வெங்கட்ராமனும் எழுதிய கட்டுரையைப் பற்றி அறிந்தபோது அந்த நினைப்பு போனது. கூவத்தின் பாசிகள் பருவந்தோறும் எப்படி மாறுகின்றன என்பதுதான் பொருள், அதிலும் டயட்டங்களுக்குத் தனிக் கவனம். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் ஆற்றை இரண்டு பேர் குனிந்து பார்த்திருக்கிறார்கள்! ஓர் ஆறு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல, முன்னால் எப்படி இருந்தது என்ற கணக்கு வேண்டும். கூவத்துக்கு அப்படியொரு கணக்கு இருக்கிறது.

எங்கள் ஓடைக்கு? பாமர் பட்டியலை அப்படியே கொண்டுவந்து பொருத்தவும் முடியாது. திருச்சுழியில் குண்டாறே பெரும்பாலான மாதங்கள் மணலாகக் கிடக்கும் பூமி இது. தேங்கிய நீர் வெயிலில் வற்றும்போது உப்பு தானாகவே ஏறும். சாயக் கழிவும் உப்பைக் கொண்டுவரும். உப்பை விரும்பும் டயட்டத்தைக் கண்டதும் சாயத்தைக் குற்றம் சொன்னால் அது பாதி நியாயம்தான். அப்பத்தா சொன்னதும் பாதி உண்மைதான். சாக்கடையில் செழிக்கும் நிட்சியா பாலியாவும் பழுப்பாகத்தான் வழுக்கும். வானம் ஏற்றிய உப்பு எது, மனுசன் ஏற்றியது எது என்று பிரிக்க, ஊருக்கு மேலேயும் கீழேயும், மழையிலும் கோடையிலும், வருசக்கணக்கில் பார்க்க வேண்டும்.

போன ஐப்பசியில் ஊருக்கு மேற்புறம் உட்கார்ந்து, பழைய டூத்பிரஷால் கற்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆடு பத்தி வந்த ஒருவர் நின்று பார்த்தார்.

"என்னண்ணே, கல்லுக்குப் பல்லு விளக்கி விடுறீக?"

"தண்ணி எப்படி இருக்குன்னு இதுக்குத்தான் தெரியும்ணே."

"அதான் நாத்தத்துலயே தெரியுதே" என்றார்.

தெரியும்தான். ஆனால் நாற்றத்துக்குத் தேதி கிடையாது. அமிலத்தில் கொதிக்க வைத்தாலும் கரையாத அந்தக் கண்ணாடி ஓடுகளுக்குத் தேதி போட்டு வைக்கலாம். வீட்டுக்கு வந்து ஸ்லைடில் மாதமும் இடமும் எழுதி ஒட்டினேன். எங்கள் ஓடையின் கணக்கில் முதல் வரி.