கார் கண்ணாடி உடைஞ்சா இன்சூரன்ஸ் முழுசா தருமா? 'ஜீரோ டெப்' இருந்தும் ரூ.1000 பிடிப்பது ஏன்?

நெடுஞ்சாலையில் முன்னால் போகும் டிப்பர் லாரியில் இருந்து ஒரு ஜல்லிக்கல் தெறித்தால் போதும். காரின் முன்பக்கக் கண்ணாடியில் விரிசல் விழுந்துவிடும். 'ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே, கண்ணாடியை ஃப்ரீயா மாத்திக்கலாம்' என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்கள் பலர். ஆனால் பில் வரும்போது கையில் இருந்தும் கொஞ்சம் பணம் கட்டச் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, அடுத்த வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கும்போதுதான் தெரிய வருகிறது.

கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் எப்படி வேலை செய்கிறது? டிடக்டிபிள் என்றால் என்ன? எப்போது கிளெய்ம் போடலாம், எப்போது போடாமல் இருப்பதே லாபம்? இதோ முழு விவரம்.

முதலில் எந்த பாலிசி என்று பாருங்க

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் உங்கள் கார் கண்ணாடிக்கு ஒரு ரூபாய்கூட கிடைக்காது. மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமான அந்த பாலிசி, உங்கள் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டும்தான்.

கண்ணாடிக்குப் பணம் வரவேண்டும் என்றால் 'ஓன் டேமேஜ்' பகுதி இருக்க வேண்டும். பேச்சுவழக்கில் இதைத்தான் 'ஃபர்ஸ்ட் பார்ட்டி' அல்லது 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்கிறோம்.

இங்கே பலர் கோட்டை விடும் ஒரு விஷயம் இருக்கு. 2018 செப்டம்பர் முதல் புதிய கார் வாங்கும்போது தேர்ட் பார்ட்டி பாலிசியை 3 வருஷத்துக்கு எடுப்பது கட்டாயம். ஆனால் ஓன் டேமேஜ் பகுதி பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கும். முதல் வருஷம் முடிந்ததும் அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். 'மூணு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு' என்று நினைத்து அதை விட்டுவிட்டால், இரண்டாம் வருஷத்தில் கண்ணாடி உடைந்தால் முழுச் செலவும் உங்கள் தலையில்தான்.

எதனால் உடைந்தால் பணம் கிடைக்கும்?

விபத்து, தெறித்து வரும் கல், புயலில் விழும் மரக்கிளை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, கலவரம், யாராவது வேண்டுமென்றே உடைப்பது, திருட்டு முயற்சி என எல்லாமே ஓன் டேமேஜ் பாலிசியில் வரும். முன்பக்கக் கண்ணாடி மட்டுமல்ல, கதவுக் கண்ணாடியும் பின்பக்கக் கண்ணாடியும் இதில் அடங்கும்.

ஆனால் கண்ணாடியை உடைத்து உள்ளே இருந்த லேப்டாப்பைத் திருடிவிட்டால், கண்ணாடிக்குத்தான் பணம் வரும். லேப்டாப்புக்கு சாதாரண கார் பாலிசியில் வராது. வைப்பர் உரசி நாளடைவில் விழுந்த கீறல், மங்கல் போன்றவையும் தேய்மானக் கணக்கில் போய்விடும். அதற்கும் கிளெய்ம் கிடையாது. மது குடித்துவிட்டு ஓட்டியது, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது தெரிந்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படும்.

டிடக்டிபிள் என்றால் என்ன?

ஒவ்வொரு கிளெய்மிலும் கார் உரிமையாளர் தன் பங்காகக் கட்டவேண்டிய தொகைதான் டிடக்டிபிள். மீதியைத்தான் இன்சூரன்ஸ் நிறுவனம் தரும். இதில் இரண்டு வகை இருக்கு.

ஒன்று, கட்டாய டிடக்டிபிள். தனிநபர் கார்களில் 1500 சிசி வரை ரூ.1000. அதற்கு மேல் ரூ.2000. இது வருஷத்துக்கு ஒருமுறை அல்ல, கிளெய்முக்கு ஒருமுறை. ஒரே சம்பவத்தில் மூன்று கண்ணாடி உடைந்தாலும் ஒருமுறைதான் பிடிப்பார்கள். வேறு வேறு நாளில் உடைந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பிடிப்பார்கள்.

இரண்டு, விருப்ப டிடக்டிபிள். பிரீமியம் குறைய வேண்டும் என்பதற்காக 'முதல் ரூ.2500 வரை நானே பார்த்துக்கிறேன்' என்று உரிமையாளரே ஒப்புக்கொள்வது. ரூ.2500, ரூ.5000, ரூ.7500, ரூ.15,000 என்று இதற்கு அளவுகள் உண்டு. இது கட்டாய டிடக்டிபிளுக்கு மேல் கூடுதலாகச் சேரும்.

ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது பிரீமியம் குறைகிறதே என்று ரூ.15,000-ஐ டிக் செய்தவருக்கு, 1500 சிசிக்குள் உள்ள காரில் முதல் ரூ.16,000 வரை எதுவும் கிடைக்காது. சிறிய கார்களின் கண்ணாடிச் செலவு பெரும்பாலும் அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

'ஜீரோ டெப்' வேற, ஜீரோ டிடக்டிபிள் வேற

குழப்பமே இங்கேதான். 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லி விற்கப்படும் ஜீரோ டெப் என்பது தேய்மானக் கழிவை நீக்கும் கூடுதல் கவர். பொதுவாக கிளெய்ம் தொகையைக் கணக்கிடும்போது ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம், ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். உலோக பாகங்களுக்கு காரின் வயதைப் பொறுத்துக் கழிவு மாறும்.

கண்ணாடிக்கு மட்டும் தேய்மானமே கிடையாது. கார் புதுசா இருந்தாலும் எட்டு வருஷப் பழசா இருந்தாலும் கழிவு பூஜ்யம்தான். அதாவது ஜீரோ டெப் எடுக்காதவருக்கும் கண்ணாடியின் விலையில் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். அதே நேரம், ஜீரோ டெப் எடுத்தவருக்கும் கட்டாய டிடக்டிபிள் தானாக நீங்கிவிடாது. அதனால்தான் 'பம்பர் டு பம்பர்' இருந்தும் ரூ.1000 பிடிக்கப்படுகிறது.

ஒரு பில்லை வைத்துப் பார்க்கலாம்

உதாரணத்துக்கு 1200 சிசி கார். முன்பக்கக் கண்ணாடி ரூ.9000, ரப்பர் பீடிங் ரூ.1000, ஒட்டும் பசை உள்ளிட்ட நுகர்பொருட்கள் ரூ.500, கூலி ரூ.1500. மொத்தம் ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம்.

* கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு: இல்லை
* பீடிங்குக்கு 50 சதவீத தேய்மானம்: ரூ.500
* நுகர்பொருள் கவர் இல்லாததால் கழிவது: ரூ.500
* கட்டாய டிடக்டிபிள்: ரூ.1000

ஆக, உரிமையாளர் கட்டுவது ரூ.2000. இன்சூரன்ஸ் தருவது ரூ.10,000. ஜீரோ டெப், நுகர்பொருள் கவர் இரண்டும் இருந்தாலும் அந்த ரூ.1000 மட்டும் நிற்கும்.

பெரிய வெட்டு என்சிபியில்தான்

ரூ.12,000 பில்லுக்கு ரூ.10,000 கிடைக்கிறதே, லாபம்தானே என்று தோன்றலாம். அவசரப்படாதீங்க. கிளெய்ம் போடாத வருஷங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் 'நோ கிளெய்ம் போனஸ்', அதாவது என்சிபி. இது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருஷா வருஷம் ஏறும். சாதாரண பாலிசியில் ஒரே ஒரு கண்ணாடி கிளெய்ம் போட்டாலும் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

என்சிபி கழிக்கும் முன் ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். இப்போது 50 சதவீத என்சிபி இருப்பதால் கட்டுவது ரூ.5000. ஒரு கிளெய்ம் போட்டால் என்ன ஆகும்?

* முதல் புதுப்பிப்பு: என்சிபி இல்லை. கூடுதல் செலவு ரூ.5000
* இரண்டாவது: 20 சதவீதம். கூடுதல் ரூ.3000
* மூன்றாவது: 25 சதவீதம். கூடுதல் ரூ.2500
* நான்காவது: 35 சதவீதம். கூடுதல் ரூ.1500
* ஐந்தாவது: 45 சதவீதம். கூடுதல் ரூ.500

மீண்டும் 50 சதவீதத்தைத் தொடுவதற்குள் மொத்தம் ரூ.12,500 கூடுதலாகப் போய்விடும். இதற்கு மேல் ஜிஎஸ்டி வேறு. கிடைத்ததோ ரூ.10,000. அதாவது இந்த உதாரணத்தில் கிளெய்ம் போட்டது நஷ்டம்.

இதே கணக்கை இப்போது 20 சதவீத என்சிபி இருப்பவருக்குப் போட்டால், ஐந்து வருஷத்தில் இழப்பு ரூ.8000. அவருக்கு கிளெய்ம் ஓரளவு லாபம். இதுவரை என்சிபியே இல்லாதவருக்கும் அடுத்த வருஷம் கிடைக்கவேண்டிய 20 சதவீதம் தள்ளிப்போகும்.

காரின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் மாறும் என்பதால் உண்மையான தொகை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் ஒரு எளிய அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். 50 சதவீத என்சிபி இருப்பவர் ஒரு கிளெய்மால் இழப்பது, என்சிபி கழிக்கும் முன் உள்ள ஓன் டேமேஜ் பிரீமியத்தில் சுமார் ஒண்ணேகால் மடங்கு. இன்சூரன்ஸ் தரும் தொகை அதைவிடக் குறைவு என்றால் கைக்காசு போட்டு மாற்றுவதே நல்லது.

'டிடக்டிபிள் இல்லாமல் ஃப்ரீ' என்று வீடியோ வருகிறதே?

அது பெரும்பாலும் அமெரிக்கக் கதை. அங்கே ஃப்ளோரிடா மாநிலச் சட்டப்படி, காம்ப்ரிஹென்சிவ் கவர் எடுத்தவரிடம் முன்பக்கக் கண்ணாடி சேதத்துக்கு டிடக்டிபிள் பிடிக்கக் கூடாது. கென்டக்கி, தெற்கு கரோலைனா மாநிலங்களிலும் இதுபோன்ற சட்டம் உண்டு. வேறு சில மாநிலங்களில் கூடுதல் பிரீமியம் கட்டி 'ஃபுல் கிளாஸ்' கவர் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் 'ஃப்ரீ' என்பதற்கும் ஒரு விலை இருந்தது. ஃப்ளோரிடாவில் கண்ணாடி மாற்றும் கடைகள் பரிசுப் பொருள் கொடுத்து வாடிக்கையாளரை இழுப்பதும், கிளெய்ம் உரிமையைத் தங்கள் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் மீது வழக்குப் போடுவதும் பெருகியது. 2023-ல் அந்த மாநிலம் சட்டம் போட்டு இரண்டுக்கும் தடை விதித்தது. டிடக்டிபிள் கிடையாது என்ற விதி மட்டும் தொடர்ந்தது.

இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இங்கே டிடக்டிபிள் பாலிசி ஒப்பந்தத்தின் ஒரு பகுதி.

அப்போ செலவைக் குறைக்க வழி இருக்கா?

இருக்கு. பாலிசியைப் புதுப்பிக்கும்போது இந்த மூன்றையும் கவனிக்கலாம்.

முதலாவது, என்சிபி பாதுகாப்பு கவர். குறிப்பிட்ட எண்ணிக்கை வரை கிளெய்ம் போட்டாலும் என்சிபி குறையாது. கண்ணாடி கிளெய்முக்கு மட்டும் தனிச்சலுகை தரும் பாலிசிகளும் உண்டு. ஆனால் 'பழுதுபார்த்தால் மட்டும்' என்றா, 'மாற்றினாலும்' என்றா, எப்படி எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பது அவசியம்.

இரண்டாவது, ஜீரோ டெப் கவரில் வருஷத்துக்கு எத்தனை கிளெய்ம் என்ற வரம்பு. சில பாலிசிகளில் இரண்டுதான் அனுமதி. சின்ன கண்ணாடிக்கு ஒன்றைச் செலவழித்துவிட்டால், பெரிய விபத்து நேரத்தில் கை கடிக்கும்.

மூன்றாவது, விருப்ப டிடக்டிபிள். தெரியாமல் டிக் ஆகியிருந்தால் புதுப்பிக்கும்போது எடுத்துவிடலாம்.

சின்ன விரிசல் என்றால் மாற்றவே தேவையில்லை

முன்பக்கக் கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. நாணய அளவுக்கும் சிறிய புள்ளி உடைப்பு என்றால் ரெசின் செலுத்தி அடைத்துவிடலாம். செலவும் மாற்றுவதைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் தள்ளிப்போடக் கூடாது. வெளியே வெயில், உள்ளே ஏசி என்று இருக்கும்போது விரிசல் மளமளவென ஓடிவிடும். டிரைவரின் நேர் பார்வையில் இருந்தாலோ, ஓரம் வரை விரிசல் போயிருந்தாலோ மாற்றுவதுதான் பாதுகாப்பு. கதவுக் கண்ணாடி பொதுவாக டெம்பர்ட் வகை. அது பொடிப்பொடியாக உடையும் என்பதால் ஒட்ட முடியாது.

கிளெய்ம் போடும்போது கவனிக்க வேண்டியவை

* கண்ணாடியைக் கழற்றும் முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்க. மாற்றிய பிறகு சொன்னால் சிக்கல்தான்.
* நம்பர் பிளேட் தெரியும்படி போட்டோ, வீடியோ எடுத்து வைங்க. ரூ.50,000-க்குக் குறைவான மோட்டார் இழப்புக்கு உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயமில்லை. அதனால் போட்டோ வழியாகவே முடிக்கும் வசதியைப் பல நிறுவனங்கள் தருகின்றன.
* யாராவது உடைத்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்க.
* கேஷ்லெஸ் வேண்டும் என்றால் நிறுவனத்தின் நெட்வொர்க் பட்டியலில் உள்ள ஒர்க்‌ஷாப்பா என்று கேளுங்க.
* கண்ணாடிக்குப் பின்னால் அடாஸ் கேமரா உள்ள கார் என்றால், மாற்றிய பிறகு கேமராவை மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டும். அந்தச் செலவும் மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்க. இந்த மாதிரி விலை அதிகமான கண்ணாடிகளுக்கு கிளெய்ம் போடுவதே பெரும்பாலும் சரி.
* பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேகும் போய்விடும். உரித்து ஒட்டினால் வேலை செய்யாது. டேக் கொடுத்த வங்கியில் மாற்று டேக் கேட்க வேண்டும்.
* பசை காய ஒர்க்‌ஷாப் சொல்லும் நேரம் வரை காரை எடுக்காதீங்க. விபத்தில் ஏர்பேக் விரியும்போது தாங்கிப் பிடிப்பதில் முன்பக்கக் கண்ணாடிக்கும் பங்கு உண்டு.

காரணம் சொல்லாமல் கிளெய்மை நிராகரித்தாலோ, பாலிசியில் இல்லாத கழிவைப் பிடித்தாலோ முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்திலோ, 155255 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம். இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகவும் கட்டணம் கிடையாது. அதற்கான அலுவலகம் சென்னையிலும் இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால்

கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. ஆனால் டிடக்டிபிள் உண்டு, என்சிபி இழப்பும் உண்டு. கண்ணாடி உடைந்தால் முதலில் ஒர்க்‌ஷாப்பில் மதிப்பீடு வாங்குங்க. அடுத்து பாலிசியில் ஓன் டேமேஜ் பிரீமியம் எவ்வளவு, என்சிபி எத்தனை சதவீதம், விருப்ப டிடக்டிபிள் இருக்கிறதா என்று பாருங்க. இந்த நான்கு எண்களும் கையில் இருந்தால், கிளெய்ம் போடலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.