அரிக்கமேட்டில் ரோமைத் தேடியது

ரெட்டியார்பாளையத்திலிருந்து அரிக்கமேடு போய்வர ஒரு காலைப்பொழுது போதும். கடலூர் ரோட்டில் அரியாங்குப்பத்தில் இறங்கி, கிழக்கே காக்காயன்தோப்பு வழியாக நடந்தால் மாமரங்கள், தென்னைகள், அப்பால் ஆறு. கடல் நெருங்கிவிட்ட இடம். ஆறு ஓடுவதை மறந்து ஏரியைப் போல் கிடக்கிறது. அந்த அசைவின்மையைப் பார்த்தபோது நேமி ஞாபகம் வந்தது.

நேமியைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். ரோமுக்குத் தெற்கே அணைந்துபோன எரிமலையொன்றின் வாயில் நீர் நிரம்பி ஏரியாகியிருக்கிறது. விளிம்பில் ஒரு சிறிய கிராமம். ஏரியின் அடியில் காலிகுலாவின் இரண்டு பெரிய கப்பல்கள் கிடந்தன. 1928 முதல் முஸோலினி ஏரியை வடிக்கச் செய்து அவற்றை வெளியே எடுத்தார். சாம்ராஜ்யக் கனவுக்கு சாட்சி தேவைப்பட்டது. 1944 மே 31 இரவு இரண்டும் எரிந்துபோயின. அதே ஜூலையில் மார்டிமர் வீலர் சென்னை மியூசியத்து அலமாரியொன்றில் ஆம்போரா என்னும் மது ஜாடியின் உடைந்த கழுத்தையும் பிடியையும் கண்டார். பாண்டிச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டில் கிடைத்தது என்றார்கள். இரண்டு சம்பவங்களுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் மனம் சேர்த்துப் பார்க்கிறது.

அவருக்கு முன்பே அந்த மேடு ஜனங்களுக்குத் தெரிந்ததுதான். வீராம்பட்டினத்துக்காரர்கள் அங்கிருந்து பெரிய பழஞ்செங்கற்களைப் பெயர்த்தெடுத்துக்கொண்டிருந்ததை லெ ழான்டீல் எழுதிவைத்திருக்கிறார். 1769இல் சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காணப் பாண்டிச்சேரியில் காத்திருந்து, அன்று பார்த்து மேகம் மூடிவிட, பாராமலே திரும்பிய வானசாஸ்திரி அவர். வானம் கைவிட்டவருக்கு மண் ஏதோ காட்டியிருக்கிறது. 1937இல் ழூவோ துப்ரேய் சிறுவர்களிடம் மணிகளை வாங்கினார். தலையுருவம் செதுக்கிய ஒரு கல்லில் அகஸ்டஸ் சீஸரைக் கண்டார். இது நிஜமான ரோம நகரம் என்றார்.

வீலர் 1945இல் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ச் சிவப்புப் பாண்டங்கள், அவற்றில் விபி, காமுரி, இத்தா என்ற குயவர் முத்திரைகள். அந்த ஓடுகளின் காலம் ஐரோப்பாவில் தெரிந்திருந்ததால், அவற்றோடு கிடந்த நம்மூர்ச் சட்டிகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு இது பெரிய உபகாரம், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் எழுதிய சித்திரத்தில், மந்தமாக வாழ்ந்த மீனவர்களிடம் ரோம வியாபாரம் வந்து சேர்ந்த பிறகே சரித்திரம் ஆரம்பிக்கிறது.

1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மறுபடி தோண்டியபோது அந்தச் சித்திரம் நிற்கவில்லை. ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே ஊர் இருந்தது. அது நின்ற பிறகும் இருந்தது. வீலர் மத்தியதரைக்கடல் இறக்குமதி என்று கொண்ட உருளைக்கோட்டுப் பாண்டம் இந்தியாவிலேயே செய்யப்பட்டது. தமிழ் பிராமியில் பெயர் கீறிய ஓடுகள் வீலர் காலத்திலேயே கிடைத்திருந்தன. காமுரி ஒரு குயவன். கீறியவனும் ஏதோ ஒருவன். ஒருவன் பெயர் நமக்குக் காலம் நிர்ணயித்தது, மற்றவன் பெயர் அனுபந்தத்துக்குப் போனது.

இதில் வீலரை மட்டும் குறைசொல்ல எனக்கு யோக்யதை இல்லை. ஒரு தமிழ்க் கவிதையைப் பார்த்தவுடன் எலியட் சாயல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தவன் நான். இருந்தால் அதற்கு வயது சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் மீனவக் குப்பம்.

அரிக்கமேட்டு ஜாடித் துண்டுகளில் சில, வெஸூவியஸ் எரிமலைச் சாரலில் வனைந்தவை. கரிய எரிமலை மணல் மண்ணோடு கலந்திருப்பதை வைத்து அடையாளம் காண்கிறார்கள். எரிமலை இல்லாத இந்தக் கரைக்கு எரிமலை அப்படித்தான் வந்தது, மதுவைச் சுமந்துகொண்டு. நேமியைத் தேட நான் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை.

பார்ப்பதற்கு இப்போது அதிகமில்லை. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டடத்தின் செங்கல் சுவர் மிச்சம் நிற்கிறது. அதையே ரோமானியச் சுவர் என்று எண்ணிப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தோப்பில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "மழ பேஞ்சா மணி மேல வரும் சார், இப்ப ஒண்ணும் இருக்காது" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"ரெட்டியார்பாளையமா? அப்ப இங்க என்னா பாக்க வந்தீங்க?"