துளையும் வேண்டாம், முள்ளும் வேண்டாம்! - ஒரு பக்கிளின் கதை

பத்தாம் வகுப்பு படித்தபோது என்னிடம் இருந்தது ஒரே ஒரு தோல் பெல்ட். அதில் ஐந்து துளைகள். மூன்றாவது துளையில் மாட்டினால் வயிற்றை இறுக்கும், இரண்டாவதில் மாட்டினால் கால்சட்டை இறங்கும். என்ன செய்ய? ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, காம்பஸ் முனையால் இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒரு துளை போட்டேன். (உங்களில் பாதிப் பேராவது இந்தத் திருப்பணியைச் செய்திருப்பீர்கள்!) இரண்டே மாதத்தில் மூன்று துளைகளும் ஒன்றாகக் கிழிந்து, பெல்ட் சரியாக அந்த இடத்திலேயே அறுந்துபோனது.

அந்தச் சமயத்தில்தான் என்.சி.சி.யில் இருந்த நண்பனின் பெல்ட்டைக் கவனித்தேன். தடித்த துணிப்பட்டை, பளபளக்கும் உலோகப் பக்கிள். பட்டையில் ஒரு துளைகூட இல்லை. பக்கிளில் முள்ளும் இல்லை. பட்டையைச் செருகி இழுத்தால் எந்த இடத்தில் விட்டோமோ அங்கேயே நின்றுவிடுகிறது!

எது அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? யாருக்கு, எதற்காக இப்படி ஒன்று தேவைப்பட்டது? இதைத் தேடிப்போனால் கதை அமெரிக்கச் சமவெளி, துப்பாக்கித் தோட்டா, பித்தளைக் களிம்பு, கணித மேதை ஆய்லர் என்று எங்கெங்கோ போகிறது. வாருங்கள், நாமும் போவோம்.

முள் வைத்த பக்கிள்

ஒரு சட்டம், நடுவில் அசையும் ஒரு முள், பட்டையில் வரிசையாகத் துளைகள். இந்த அமைப்பு மிகப் பழையது. ரோமானியப் படைவீரர்களின் இடைவார்ப் பக்கிள்கள் ஐரோப்பாவின் பல அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. அவற்றுக்கும் இன்று நாம் கடையில் வாங்கும் தோல் பெல்ட்டுக்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு பொருள் மாறாமல் இருக்கிறது என்றால், அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் அர்த்தம்.

ஆனால் அதில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அளவு படிப்படியாகத்தான் மாறும். துளைக்கும் துளைக்கும் நடுவில் நிற்க முடியாது. இரண்டாவது, இழுவிசை முழுவதும் ஒரே ஒரு துளையின் விளிம்பில் வந்து இறங்குகிறது. பட்டையின் மிகப் பலவீனமான இடம் எதுவோ, அதன் தலையிலேயே மொத்தச் சுமையும்!

தோல் இதைத் தாங்கிக்கொள்கிறது. தோலின் நார்கள் ஒரே திசையில் ஓடுவதில்லை, எல்லாப் பக்கமும் பின்னிக் கிடக்கின்றன. துளை போட்டாலும் சுற்றியுள்ள நார்கள் பிடித்துக்கொள்ளும். அதனால் பட்டை என்றால் தோல் என்று இருந்த காலம்வரை முள் பக்கிளுக்கு ஆபத்து வரவில்லை.

ஆபத்து வந்தது தோட்டாவின் வழியாக.

பச்சைக் களிம்பு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை படைவீரர்கள் வெடிமருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுற்றி, இடுப்பில் ஒரு தோல் பெட்டியில் வைத்திருந்தார்கள். 1860களில் செம்பு, பித்தளை உறை போட்ட தோட்டாக்கள் பரவலாயின. அவற்றைப் பெட்டியில் போட்டால் ஒன்றோடொன்று மோதிக் கலகலக்கும், அவசரத்தில் எடுப்பதும் சிரமம். எனவே இடைவாரிலேயே சிறு வளையங்களைத் தைத்து, ஒவ்வொரு வளையத்திலும் ஒரு தோட்டாவைச் செருகும் பழக்கம் வந்தது.

இங்கே நம் கதாநாயகர் வருகிறார். பெயர் ஆன்சன் மில்ஸ். 1834இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்து, கணக்கில் தேறாததால் வெளியேற்றப்பட்டவர். (கணக்கில் கோட்டை விட்ட நண்பர்கள் தெம்பாகப் படிக்கவும்!) பிறகு டெக்சாஸுக்குப் போய் நில அளவையாளரானார். எல் பாசோ நகரத்தின் முதல் வரைபடத்தைப் போட்டவர் இவர்தான். உள்நாட்டுப் போர் வந்தபோது வடக்கின் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார்.

1867இல் மில்ஸ் ஒரு தோட்டா இடைவாருக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் தோல் வளையங்களில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. நம் வீடுகளில் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும்? பச்சையாகக் களிம்பு ஏறும் அல்லவா? அதே கதைதான். தோலைப் பதப்படுத்தும் துவர்ப்புப் பொருள்களிலும் அமிலங்கள் உண்டு. அவை உலோக உறையோடு சேர்ந்து பச்சைக் களிம்பை உண்டாக்கின. களிம்பேறிய தோட்டா வளையத்தில் ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கிக்குள் போனால் சுட்ட பிறகு உறை வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். சண்டையின் நடுவே துப்பாக்கி சிக்கினால் அந்த வீரனின் நிலைமை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

மில்ஸ் கண்ட விடை, தோலையே விட்டுவிடுவது. தடித்த பருத்தி நூலால் இடைவாரை நெய்வது. வளையங்களையும் தனியாகத் தைக்காமல், தறியிலேயே பட்டையோடு சேர்த்து நெய்துவிடுவது. இப்படி நெய்வதற்கான தறியை மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் நகரத்தில் தாமஸ் ஆர்ண்டார்ஃப் என்பவர் உருவாக்கினார். 1880களில் அமெரிக்கப் படையில் நெய்த இடைவார்கள் புழக்கத்துக்கு வந்தன. களிம்புத் தொல்லை ஒழிந்தது.

(ஒரு சிறு குறிப்பு: முதல் உலகப் போரில் புகழ்பெற்ற 'மில்ஸ் குண்டு' இவருடையது அல்ல. அது வில்லியம் மில்ஸ் என்ற ஆங்கிலேயருடையது.)

துணியில் துளை போட்டால்?

இப்போது புதிய சிக்கல். நாடாக்கட்டிலின் நாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள்தான் பாரத்தைச் சுமக்கின்றன. அதில் ஒரு துளை குத்தினால் சில பாவு நூல்கள் அறுந்தே போகும். மிச்சம் இருப்பவை ஒவ்வொன்றாக விலகிப் பிரியும். உலோக வளையம் அடித்துத் துளையைக் காப்பாற்றலாம்தான், ஆனால் படைவீரனின் ஒவ்வொரு பட்டையிலும் வரிசையாக அடித்துக்கொண்டிருக்க முடியுமா?

தோலில் முள் குத்தலாம், துணியில் குத்தக் கூடாது. அப்படியானால் பட்டையைக் குத்தாமலே பிடிக்க வேண்டும். பட்டையை மாற்றியவர்கள் பக்கிளையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இந்த மாற்றத்தைப் பெரிய அளவில் பார்க்க முடிவது பிரிட்டிஷ் படையில். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் அவர்களுடைய தோல் சாதனங்கள் ஏமாற்றம் தந்தன. தோல் வார்களில் இருந்து தோட்டாக்கள் கழன்று கீழே விழுந்தன. பின்னர் மில்ஸின் பெயரில் லண்டனில் இயங்கிய நிறுவனமும், பரோஸ் என்ற ராணுவ அதிகாரியும் சேர்ந்து வடிவமைத்த முழுப் பருத்திச் சாதனத்தை 1908இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்டது. இடைவார், தோள்வார், முதுகுப் பை, தோட்டாப் பை எல்லாம் நெய்த பட்டை. பட்டைகளின் நுனி பிரியாமல் இருக்கப் பித்தளை முனை. தோள்வார்களையும் பைகளின் பட்டைகளையும் இணைத்தவை முள் இல்லாத பித்தளைப் பக்கிள்கள். ஒவ்வொரு வீரனும் தன் உடம்புக்குத் தக்கபடி, எந்த அளவிலும் பட்டையை நிறுத்திக்கொள்ள முடிந்தது. முதுகில் பாரம் தூக்கி நாள் முழுக்க நடப்பவனுக்கு ஒரு விரற்கடை வித்தியாசம்கூடப் பெரிய விஷயம்.

1914இல் போர் வெடித்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. லட்சக்கணக்கில் புதிய வீரர்கள் சேர, அத்தனை பேருக்கும் பட்டை நெய்யத் தறிகள் போதவில்லை. வேறு வழியின்றி '1914 மாதிரி' என்று மறுபடியும் தோல் சாதனங்களைச் செய்தார்கள். தோலோடு முள் பக்கிளும் திரும்பி வந்தது! பட்டையும் பக்கிளும் எப்படிச் சேர்ந்தே மாறுகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்து வந்த 1937 மாதிரி பருத்திச் சாதனத்தை இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையினரும் அணிந்தார்கள். 1948இல் என்.சி.சி. தொடங்கியபோது அதன் சீருடையும் இந்த மரபில் இருந்துதான் வந்தது. என் நண்பன் பிராசோ போட்டுத் தேய்த்த பக்கிளின் பூர்வீகம் இதுதான்!

எது பிடிக்கிறது?

சரி, துளையும் முள்ளும் இல்லாமல் பட்டை எப்படி நிற்கிறது? உராய்வுதான்.

கிராமத்தில் முரட்டு மாட்டைப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கயிற்றைக் கையில் மட்டும் பிடித்தால் மாடு ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும். அதே கயிற்றை ஒரு மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவன்கூட நுனியைப் பிடித்து நிறுத்திவிடுவான். இதற்குக் கணக்கு எழுதியவர்கள் 18ஆம் நூற்றாண்டின் லியோனார்ட் ஆய்லரும் அவருக்குப் பின் வந்த ஐடெல்வைனும். சுற்றின் கோணம் கூடக் கூடப் பிடிமானம் கூட்டலாக அல்ல, பெருக்கலாக உயர்கிறது என்பதே அதன் சாரம். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், அரைச் சுற்றில் சுமார் 2.6 மடங்கு, ஒரு சுற்றில் சுமார் 6.6 மடங்கு, இரண்டு சுற்றில் சுமார் 43 மடங்கு!

பக்கிளுக்குள் பட்டை கம்பியைச் சுற்றி வளைந்து திரும்பும்போது இதே வேலைதான் நடக்கிறது. கூடவே இன்னொரு தந்திரமும் உண்டு. என்.சி.சி. பெல்ட் மாதிரியான பக்கிளைத் திறந்து பாருங்கள். பெட்டி போன்ற சட்டத்துக்குள் ஒரு கம்பி கொஞ்சம் நகரும்படி இருக்கும். பட்டை வெளியே வரப் பார்த்தால் அந்தக் கம்பியையும் தன்னோடு இழுக்கும். கம்பி இடுக்கான பக்கம் நகர்ந்து, பட்டையைச் சட்டத்தோடு சேர்த்து நசுக்கும். அதாவது, தப்பிக்கப் பார்க்கும் விசையே பூட்டும் விசையாகிறது. எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு இறுகும். கம்பியைப் பின்னால் தள்ளினால் உடனே தளரும். முள் பக்கிளில் சுமை ஒரு புள்ளியில் விழுந்தது. இங்கே பட்டையின் முழு அகலமும் பகிர்ந்துகொள்கிறது.

படைவீரனிடம் இருந்து நம்மிடம்

1935இல் நைலான் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு பருத்தியின் இடத்தை அது பிடித்தது. பலம் அதிகம், ஆனால் வழுக்கும். அதனால் பக்கிள்களில் சொரசொரப்பான கம்பிகளும் பற்களும் சேர்ந்தன. விமான இருக்கையின் இடுப்புப் பட்டையை நுனியைப் பிடித்து இழுத்தால் இறுகும், பக்கிளைச் சாய்த்தால் தளரும். உள்ளே இருப்பது இதே உராய்வுப் பிடிதான். லாரிகளில் சரக்கைக் கட்டும் பட்டைகளில், மையம் விலகிய ஒரு பல் உருளை ஸ்பிரிங்கின் உதவியோடு பட்டையைக் கவ்வுகிறது. உங்கள் தோளில் தொங்கும் பையின் பட்டையை ஏற்றி இறக்குகிறீர்களே, அந்தப் பிளாஸ்டிக் துண்டும் இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஹெல்மெட்டின் இரட்டை வளையம். பட்டையை இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டு, முதல் வளையத்துக்கு மேலாக மடக்கி, இரண்டாவதற்குள் திரும்பச் செருக வேண்டும். இழுத்தால் இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று நெருங்கிப் பட்டையை நடுவில் நசுக்கும். நகரும் உறுப்பு எதுவும் உடைய வாய்ப்பில்லை. பந்தய வீரர்களின் ஹெல்மெட்டுகளில் இன்றும் இதுதான்.

ஆனால்...

முள் பக்கிளை நான் குறை சொல்லிக்கொண்டே வந்தேன். அதனிடம் ஒரு நல்ல குணம் உண்டு. முள் துளைக்குள் இருக்கிறதா இல்லையா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். உராய்வுப் பக்கிள் அப்படி இல்லை. பட்டையைச் சரியாகச் செருகியிருந்தாலும், ஒரு மடிப்பை விட்டிருந்தாலும் தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மலையேறுபவர்களின் இடுப்புக் கவசங்களில் ஒரு வகைப் பக்கிளில் பட்டையை இரண்டாம் முறை திருப்பிச் செருகியாக வேண்டும். அதை மறந்து, பாரம் விழுந்த நொடியில் பட்டை உருவிக்கொண்டு வந்த விபத்துகள் நடந்திருக்கின்றன. பிடிப்பது உலோகம் அல்ல, நாம் செருகிய விதம்.

நம் ஊர்ச் சாலைகளில் பாருங்கள். தலையில் ஹெல்மெட் இருக்கும், பட்டை காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். போலீஸைப் பார்த்தால் ஒரு கையால் தாடையோடு பிடித்துக்கொள்வார்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 129ஆவது பிரிவில் ஹெல்மெட் அணியச் சொல்வதோடு நிறுத்தவில்லை. பட்டையால் அது தலையோடு உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. காரணம் எளிது. கீழே விழும்போது கட்டாத ஹெல்மெட் தலைக்கு முன்னால் தனியாகப் பறந்துபோய்விடும்.

துளையில்லாப் பக்கிள் நாம் இழுக்கும் வரை எதையும் பிடிக்காது. இழுத்தால் விடாது. நாளை வண்டியை எடுக்கும்போது அந்தப் பட்டையை மாட்டி, நுனியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இரண்டு நொடி வேலைதான்.