கறைப்பல்லும் ஊர்த் தண்ணீரும்

தருமபுரிப் பக்கத்துத் தொடக்கப்பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்குத்தான் நான் அதிகம் பாடம் எடுத்திருக்கிறேன். பால்பல் விழுந்து புதுப் பல் முளைத்த வயது. சிரிப்பு வந்தால் பல பிள்ளைகளின் கை வாயை மூடப் போய்விடும். முன்பற்களின் குறுக்கே சுண்ணாம்பு வெள்ளையில் கோடுகள். அவற்றின் மேல் பழுப்புத் திட்டுகள். “ஒழுங்கா பல் விளக்கினா இப்படி வருமா?” என்று திட்டு வாங்காத பிள்ளை குறைவு. எவ்வளவு விளக்கினாலும் போகாத கறை அது. அதற்குக் காரணம் தண்ணீர் என்பது என் அம்மா காலத்திலேயே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

1901-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் தொழில் தொடங்கிய பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே இதே கறையைப் பார்த்தார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கறை இருந்தது. வளர்ந்தபின் குடியேறியவர்களுக்கு இல்லை. 1931-ல் வேதியியலாளர் சர்ச்சில், இதே கறை காணப்பட்ட, ஆர்க்கன்சாவின் பாக்சைட் என்ற ஊரின் தண்ணீரில் லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் ஃபுளோரைடு இருப்பதைக் கண்டுபிடித்தார். அதே ஃபுளோரைடு ஒரு மில்லிகிராம் அளவில் இருந்தால் பல் சொத்தையைக் குறைக்கும் என்று பின்னர் ஆய்வாளர் டிரெண்ட்லி டீன் காட்டினார். 1945-ல் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் அதைக் குடிநீரில் கலக்கவே தொடங்கியது.

நம் பக்கத்து வரலாறு வேறு. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் பல் கறையோடு முதுகும் மூட்டும் இறுகி மக்கள் முடங்கிக் கிடந்ததை, கிண்டி கிங் ஆய்வு நிலையத்தின் ஷார்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 1937-ல் வெளியிட்டார்கள். காரணம், கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு.

தருமபுரி பாறை பூமி. ஏரியும் திறந்த கிணறும் வற்ற வற்ற, போர் போட்டு ஆழத்துக்குப் போனோம். பாறையிடுக்கில் நெடுங்காலம் தேங்கிய தண்ணீர், ஃபுளோரைடையும் சேர்த்துக்கொண்டு மேலே வந்தது. கைக்குழந்தைக்கு என்று தாய்மார் அதைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார்கள். கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

நிரந்தர முன்பல்லின் எனாமல், குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே தாடைக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. ஏழு வயதில் வெளியே தெரியும் கறை, அந்தப் பிள்ளை தவழ்ந்த நாளிலும் நடை பழகிய நாளிலும் குடித்த தண்ணீரால் வந்தது. அந்தப் பிள்ளையை நிற்க வைத்துத் திட்டுவது அநியாயம்.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி, காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. பெரிய விடிவு அது. ஆனாலும் குழாய் வராத நாளில் கை, போர் தண்ணீருக்குத்தான் போகிறது. சோறு வடிப்பதும் அதில்தான். எந்த ஊரிலும் நல்ல தண்ணீர் குறைவாக வருகிற நாளில், கர்ப்பிணியும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டுக்கும் அங்கன்வாடிக்கும் முதல் குடம் போகட்டும். வளர்ந்த பல்லை அந்தத் தண்ணீர் மாற்றாது. தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லைக் காப்பாற்றும்.