ஒளிச்சேர்க்கை: ஒரு வரிச் சமன்பாட்டுக்குப் பின்னால் முந்நூறு ஆண்டுகள்

கரிவளியும் நீரும் சேர்ந்து, சூரிய ஒளியும் பச்சையமும் துணை நிற்க, குளுக்கோசும் உயிர்வளியும் உண்டாகின்றன. எஸ்.பி.எம். உயிரியல் எடுக்கும் எந்த மாணவரும் தூக்கத்தில்கூட சொல்லிவிடுவார். ஆனால் "வெளியே வரும் உயிர்வளி எதிலிருந்து வந்தது, கரிவளியிலிருந்தா, நீரிலிருந்தா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி வகுப்பு "கரிவளி" என்றுதான் சொல்லும். மாணவர்களைக் குறை சொல்ல வேண்டாம். பெரிய பெரிய விஞ்ஞானிகளே 1930கள் வரை அப்படித்தான் நம்பினார்கள்!

இந்தச் சமன்பாடு எப்படி உருவானது என்ற கதையை வகுப்பில் சொன்னால், மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சோதனை இருக்கிறது.

நீர்

பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட் என்ன செய்தார் தெரியுமா? நன்றாகக் காயவைத்த 200 பவுண்டு மண்ணை ஒரு தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். தூசி விழாமல் தொட்டியை மூடியும் வைத்தார். கடைசியில் மரத்தின் எடை 169 பவுண்டுக்கும் மேல். மண்ணோ ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது.

மரம் மண்ணைச் 'சாப்பிட்டு' வளர்வதில்லை என்பதை இது காட்டியது. ஆனால் அவர் எடுத்த முடிவு, "மரம் முழுக்க நீரால் ஆனது" என்பது. அவர் இறந்த பிறகு, 1648-இல் இது நூலாக வெளிவந்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கரி எரியும்போது வரும் வளியைத் தனியாக அடையாளம் கண்டு, 'கேஸ்' என்ற சொல்லையே உருவாக்கியவர் இவர்தான். மரத்தின் கட்டைக்குள் இருக்கும் கார்பன் அந்த வளியிலிருந்து வந்தது என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. அளவீடு சரி, முடிவு பாதி சரி. காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

காற்றும் ஒளியும்

1771 ஆகஸ்டு 17. இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்துபோன காற்றுக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்தார். பத்து நாள் கழித்து அதே காற்றில் இன்னொரு மெழுகுவர்த்தி நன்றாக எரிந்தது. கெட்டுப்போன காற்றைச் செடி சரிசெய்கிறது என்று உலகமே வியந்தது. ஆனால் சிக்கல் ஒன்று வந்தது. மற்றவர்கள் செய்தபோது சில நேரம் காற்று இன்னும் கெட்டது. பிரீஸ்ட்லிக்கே பிறகு முடிவுகள் மாறி மாறி வந்தன.

முடிச்சை அவிழ்த்தவர் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ். 1779-ஆம் ஆண்டு கோடையில் லண்டனுக்கு அருகே தங்கி, 500-க்கும் மேற்பட்ட சோதனைகள் செய்தார். நீரில் மூழ்கிய இலைகள் வெயிலில் குமிழி விட்டன, இருட்டில் நிறுத்திவிட்டன. காரணம் வெயிலின் சூடு இல்லை, ஒளி. அதுவும் பச்சைப் பகுதிகள் மட்டும்தான் இந்த வேலையைச் செய்கின்றன. இருட்டில் செடியும் நம்மைப்போல் காற்றைக் கெடுக்கிறது. பிரீஸ்ட்லி கவனிக்காமல் விட்டது ஒளியைத்தான்.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவாசம் இரவில் மட்டும் நடப்பதில்லை. பகலிலும் நடக்கிறது, ஒளிச்சேர்க்கை அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்தடுத்து மற்றவை வந்தன. கரிவளி தேவை என்று ஜெனீவாவின் செனபியே 1782-இல் காட்டினார். செடியின் எடைக்கூடுதலில் நீருக்கும் பங்குண்டு என்று டி சொசூர் 1804-இல் அளந்து சொன்னார். 1860களில் ஜெர்மானியரான சாக்ஸ், ஒளி பட்ட இலையில் மாவுச்சத்து உண்டாவதை அயோடின் கொண்டு காட்டினார். நம் ஆய்வுக்கூடத்தில் இன்றும் செய்கிற அதே சோதனை!

உயிர்வளி யாருடையது?

சமன்பாடு முழுமையாகிவிட்டது. ஆனால் அதை எண்ணிப் பாருங்கள். வலப்பக்கம் 6 உயிர்வளி மூலக்கூறு, அதாவது 12 அணுக்கள். இடப்பக்கம் 6 நீரில் இருப்பதோ 6 உயிர்வளி அணுக்கள்தான். 6 கரிவளியில் சரியாக 12 இருக்கின்றன. அப்படியென்றால் கரிவளிதான் உடைகிறது என்று தோன்றாதா? தோன்றத்தான் செய்யும்.

வான் நீல் என்பவர் வேறு பக்கம் பார்த்தார். சில ஊதாநிற பாக்டீரியாக்கள் நீருக்குப் பதில் ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்துகின்றன. அவை உயிர்வளியை விடுவதில்லை, கந்தகத்தைத்தான் விடுகின்றன. கந்தகம் கரிவளியிலிருந்து வர முடியாதே! அப்படியானால் செடியில் உடைவது நீர்தான் என்று 1931-இல் அவர் வாதிட்டார். 1930களின் இறுதியில் ராபர்ட் ஹில், இலையிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகங்கள், கரிவளி இல்லாமலே, தகுந்த இரும்பு உப்பு இருந்தால் ஒளியில் உயிர்வளி விடுவதைக் காட்டினார். 1941-இல் ரூபனும் காமனும் குழுவினரும் உயிர்வளி-18 என்ற கனமான ஐசோடோப்பு கலந்த நீரைப் பாசிக்குக் கொடுத்தார்கள். வெளிவந்த உயிர்வளி நீரோடுதான் ஒத்துப்போனது.

எனவே முழுச் சமன்பாட்டில் இடப்பக்கம் 12 நீர் வரவேண்டும். அந்த 12-இன் உயிர்வளிதான் வெளியேறுகிறது. வலப்பக்கம் புதிதாக 6 நீர் உண்டாகிறது. நாம் எழுதும் சுருக்கத்தில் இரண்டு பக்கமும் கழிக்கப்பட்டு 6 நீர் மட்டும் மிஞ்சுகிறது. குழப்பத்துக்கு வேர் இதுதான்.

கரிவளியின் பயணத்தை, கார்பன்-14 உதவியால், கால்வினும் பென்சனும் பாஷமும் கண்டறிந்தார்கள். 1961-இல் நோபல் பரிசு கால்வினுக்கு மட்டுமே கிடைத்தது. மற்றவர்கள் பெயரையும் வகுப்பில் சொல்லுவோம். 'இருள்வினை' என்ற பழைய பெயரைக் கேட்டு அது இரவில் நடப்பது என்று எழுதிவிடாதீர்கள். அதற்கு வேண்டிய ஏ.டி.பி.யும் என்.ஏ.டி.பி.எச்.சும் ஒளி சார்ந்த வினையிலிருந்துதான் வருகின்றன. 'ஒளி சாராத வினை' என்று எழுதுவதே நல்லது.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. சமன்பாட்டைப் பலகையில் எழுதுவதற்கு முன், ஹெல்மாண்டின் எண்களை மட்டும் எழுதி, "எடை எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். பிள்ளைகள் மண் என்பார்கள், நீர் என்பார்கள். காற்று என்று யாராவது ஒருவர் சொல்லும்வரை பொறுத்திருங்கள். நாமாகச் சொல்லிவிட வேண்டாம்.