விக்டோரியா பொலிவியானா

விக்டோரியா பொலிவியானா: அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த ராட்சத நீர்த்தாவரம், விக்டோரியா பேரினத்தின் மூன்றாவது சிற்றினம். பொலிவியாவின் பெனி மாநிலத்திலுள்ள லானோஸ் தே மோஹோஸ் ஈரநிலங்கள் இதன் தாயகம். 2022 ஜூலையில் ‘ஃபிரான்டியர்ஸ் இன் பிளான்ட் சயின்ஸ்’ ஆய்விதழில் புதிய சிற்றினமாக அறிவிக்கப்பட்டது.

கண்டறிந்த வரலாறு: இதன் உலர்மாதிரி லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் சேகரிப்பில் 177 ஆண்டுகள் இருந்தும், வேறொரு சிற்றினமாகவே கருதப்பட்டது. பூங்காவின் தோட்டக்கலை வல்லுநர் கார்லோஸ் மக்தலேனா நெடுங்காலமாக ஐயம் கொண்டிருந்தார். பொலிவியத் தோட்டங்கள் 2016இல் விதைகளை வழங்கின. மற்ற இரு சிற்றினங்களான அமேசோனிகா, குரூசியானா ஆகியவற்றுடன் அருகருகே வளர்த்தபோது வேறுபாடு தெளிவாயிற்று.

சான்றுகள்: முட்கள் பரவியுள்ள விதம், விதையின் வடிவம் ஆகியவை இதைத் தனித்துக் காட்டின. தாவர ஓவியர் லூசி ஸ்மித் இவ்வேறுபாடுகளை நுணுக்கமாக வரைந்து பதிவுசெய்தார். டி.என்.ஏ. பகுப்பாய்வும் இது தனிச் சிற்றினம் என்பதை உறுதிசெய்தது. இதன் நெருங்கிய உறவு குரூசியானா. இரண்டும் ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை.

தோற்றம்: இலைகள் வட்டமாக, விளிம்பு மேல்நோக்கி மடிந்து, நீரில் மிதக்கும். பொலிவியாவின் லா ரின்கோனாடா தோட்டத்தில் ஓர் இலை 3.2 மீட்டர் விட்டம் எட்டியது. இரவில் விரியும் பூ முதலில் வெண்மையாக இருந்து, பின்னர் இளஞ்சிவப்பாக மாறும்.

சிறப்பு: இப்பேரினத்தில் நூறாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் விவரிக்கப்பட்ட முதல் சிற்றினம் இதுவே; உலகின் மிகப்பெரிய அல்லியும் இதுவே.